பழைய கேம் இசையும் சவுண்ட்ஃபாண்ட் சிக்கல்களும்: கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேம்களை விடாமல் ஆடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் கேட்டவை. சவுண்ட்ஃபாண்ட் என்பது இசையை வாசிக்க வேண்டிய கருவி ஒலிகளைத் தொகுத்து வைத்த கோப்பு.

திருமங்கலம்: அண்ணே, சின்ன வயதில் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 'டூம்' ஆடும்போது கேட்ட பாட்டு வேறு. இப்போது லேப்டாப்பில் சவுண்ட்ஃபாண்ட் போட்டுக் கேட்பது வேறு. எந்த ஃபாண்டைப் போட்டாலும் அந்தச் சத்தம் வரவில்லையே?

வராது தம்பி. மிடி என்ற இசைக் கோப்புக்குள் சத்தமே கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எந்தக் கருவியில் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதே ஸ்வரத்தை நாதஸ்வரக்காரரும் வாசிக்கலாம், பேண்டு செட்டும் வாசிக்கலாம். 1993இல் வந்த டூமின் இசை ரோலண்ட் நிறுவனத்தின் எஸ்சி-55 என்ற ஒலிக் கருவியை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் அன்றைக்கு நம் ஊர் சென்டர்களில் அந்தக் கருவி ஏது? நீங்கள் கேட்டது அநேகமாக சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டில் இருந்த, ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் எஃப்எம் சில்லு வாசித்ததாக இருக்கும். அந்த ஞாபகம்தான் வேண்டுமென்றால் சவுண்ட்ஃபாண்டை விட்டுவிடுங்கள். டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் டூமின் செட்டப்பைத் திறந்து, மியூசிக் கார்டு என்ற இடத்தில் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். இசையமைத்தவர் கேட்டதைக் கேட்க ஆசையா? அப்போது ஜெனரல் மிடியை (எந்த எண்ணுக்கு எந்தக் கருவி என்று வகுத்த பொது வரிசை) தேர்ந்தெடுத்து, எஸ்சி-55 சாயலில் செய்த ஒரு சவுண்ட்ஃபாண்டைப் போடுங்கள். இரண்டையும் கேட்டுப் பாருங்கள், இரண்டுமே அருமை.

மேலூர்: ஒரு ஜிபிக்கு மேல் உள்ள சவுண்ட்ஃபாண்ட் இறக்கினேன். பியானோ அற்புதம், ஆனால் பாட்டு மொத்தமாகக் கெட்டுவிட்டது.

அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய ஃபாண்டில் பல நேரம் ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்ததாக இருக்கும். பியானோ ஓங்கி நிற்கும், பேஸ் கிட்டார் பின்னால் முனகும். கேம் இசைக்கு முக்கியம் 128 கருவிகளும் ஒன்றுக்கொன்று சமமாக ஒலிப்பதுதான். சுமார் 30 எம்பி மட்டுமே உள்ள ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற ஃபாண்டை முதலில் போட்டுப் பாருங்கள். அதில் பாட்டு சரியாக வந்தால் கோளாறு பெரிய ஃபாண்டில்தான்.

எல்லிஸ் நகர்: டிரம்ஸ் வர வேண்டிய இடத்தில் பியானோ தட்டுகிறது.

ஜெனரல் மிடியில் பத்தாவது சேனல் தாளத்துக்கு. சவுண்ட்ஃபாண்டில் அதற்கான ஒலிகள் 128ஆம் பேங்கில் (ஒலித் தொகுதியில்) இருக்க வேண்டும். பாலிபோன் என்ற இலவச மென்பொருளில் ஃபாண்டைத் திறந்து அந்த பேங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ஒன்றிரண்டு கருவிக்கென்று செய்த ஃபாண்ட், கேமுக்கு ஆகாது.

வில்லாபுரம்: சவுண்ட்ஃபாண்டை வாசிக்கும் ஃப்ளூயிட்சிந்த் மென்பொருளில் ஒரே கரகர சத்தம்.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். எல்லாக் கருவிகளும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது மட்டும் என்றால் கெய்ன் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம். அதன் இயல்பு அளவு 0.2தான். சத்தம் போதவில்லை என்று 1, 2 என்று ஏற்றினால் அலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் கூட்டுங்கள். அமைதியான இடத்திலும் டிக் டிக் என்று விட்டு விட்டு வந்தால் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) சின்னது, கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

சிம்மக்கல்: எஸ்எஃப்3 கோப்பு திறக்கவில்லை.

அது சவுண்ட்ஃபாண்டின் சுருக்கப்பட்ட வடிவம், எல்லா பிளேயரும் ஏற்காது. பாலிபோனிலேயே வழக்கமான எஸ்எஃப்2 வடிவமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி: 'கிங்ஸ் குவெஸ்ட் 4' ஆடுகிறேன். கேமில் ரோலண்ட் என்று கொடுத்தால், எந்த சவுண்ட்ஃபாண்ட் போட்டாலும் கருவிகள் தாறுமாறாக வருகின்றன.

சவுண்ட்ஃபாண்டை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த கேம் வந்தது 1988இல், ஜெனரல் மிடி வகுக்கப்பட்டது 1991இல். அதில் ரோலண்ட் என்றால் 1987இல் வந்த எம்டி-32. அதன் கருவி வரிசையே வேறு. போதாததற்கு, கேம் தொடங்கும்போதே தனக்கு வேண்டிய ஒலிகளை அந்தக் கருவிக்குள் ஏற்றிவிடும். சவுண்ட்ஃபாண்டுக்கு அந்தக் கட்டளைகள் புரியாது. எம்டி-32 கருவியைப் போலவே இயங்கும் மண்ட் என்ற மென்பொருள்தான் இதற்கு வழி. டாஸ்பாக்ஸின் ஒரு வடிவமான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கில் அது கூடவே வருகிறது, ரோம் கோப்புகளை (அசல் கருவியின் உள் நினைவகத்தின் நகல்) மட்டும் நீங்கள் தனியாக வைக்க வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் மிடிடிவைஸ் வரியில் எம்டி32 என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டு கேமைத் திறங்கள்.