மனநல மாத்திரையால் எடை கூடினால் அதை நிறுத்திவிடலாமா?

உங்கள் தம்பிக்கு ஓலன்சபின் ஆரம்பித்து 3 மாதத்தில் 9 கிலோ ஏறிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தவன்.

எனக்கும் அதே மாத்திரைதான், இரவில் 10 மில்லிகிராம். வீடு மும்பை தாராவியில். நோய் முற்றியிருந்தபோது தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் 58 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். அதனால் எடை ஏறத் தொடங்கியதும் அம்மாவுக்குச் சந்தோஷம். "இப்பத்தாம்ல ஒடம்பு தேறுது" என்று இன்னும் இரண்டு தோசை வைப்பார். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் 90 அடி ரோட்டுத் தையல்காரர். ஒரே பேண்ட்டை இரண்டாம் முறை பிரித்துவிடக் கொண்டுபோனபோது, "தம்பி, இனிமே பிரிக்க உள்ளே துணி இல்ல" என்றார். எட்டாவது மாதம் 79 கிலோ.

அந்தப் பசி பார்க்கிறவர்களுக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லாததாகத்தான் தெரியும். இரவு எட்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்கு வடா பாவ் வாங்கக் கீழே இறங்குவேன். வயிறு நிறைந்துதான் இருக்கும். போதும் என்ற தகவல் மட்டும் வந்து சேராது. மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் என்ற ரசாயனங்கள் வந்து ஒட்டி வேலை செய்யும் சில இடங்களை (ஏற்பிகள்) இந்த மருந்து அடைத்துவிடுகிறது, பசி கூட அது முக்கியக் காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கூடவே வாய் வறட்சி வேறு. தண்ணீர் குடித்திருக்கலாம், நான் கூல்டிரிங்க்ஸ் குடித்தேன். உங்கள் தம்பி என்ன குடிக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

சரி, நிறுத்திய கதை. யாரிடமும் சொல்லாமல் தினமும் மாத்திரையைக் கழிவறையில் போட்டேன். இரண்டாம் நாளே தூக்கம் போனது. ஆனால் பசி அடங்கி உடம்பு லேசானதால், சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது வாரம் பக்கத்து வீட்டு டிவி என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி அதே மாத்திரை, இந்த முறை 15.

புது டாக்டர் திட்டவில்லை. எடை ஏறுவதை ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். (முந்தைய டாக்டர் ஒருநாள்கூட என்னை எடை மெஷினில் ஏற்றியதில்லை, அது வேறு கதை.) எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் மாத்திரை தொடங்கும்போதே பார்த்து, மூன்றாம் மாதம் திரும்பப் பார்க்க வேண்டியவை. உங்கள் தம்பிக்கு அதற்கான நேரம் இதுதான். டோஸைக் குறைக்கலாமா, எடை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிபிரசோல் மாதிரி ஒன்றுக்கு மெதுவாக மாற்றலாமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரைதான், ஆனால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதற்காகக் கொடுப்பதுண்டு. மருந்துக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எனக்கு மாத்திரையை மாற்றி, மெட்ஃபார்மினும் சேர்த்தார். மாறும்போது வேறொரு தொல்லை வந்தது: உட்கார முடியவில்லை. சயானிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் போகும் லோக்கல் ரயிலில், காலை நெரிசலில், கிடைத்த சீட்டை விட்டு எழுந்து நின்றேன். மும்பையில் அப்படி ஒருவன் எழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இது மருந்தின் பக்கவிளைவு, அகதீசியா என்று பெயர். நோய்தான் திரும்புகிறது என்று வீட்டில் பயந்தார்கள். இந்த முறை அன்றைக்கே போன் செய்தேன். டோஸைக் குறைத்துச் சில வாரம் ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை கொடுத்தார், அடங்கியது.

இப்போது 70 கிலோ. ஒரு வருடம் ஆனது இதற்கு.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் தள்ளியிருந்தால் காத்திருக்காதீர்கள், முன்னாலேயே போங்கள். வாராவாரம் எடை பார்த்துத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதுவரை மாத்திரை ஓடட்டும். தோசையை மட்டும் அம்மாவிடம் சொல்லிக் குறைத்துவிடுங்கள்.