சோலார் பேனலுக்கு அடியில் ஆடு மேய்க்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் மண்டலத்தில் பெரிய சோலார் பார்க் வந்து, நாங்கள் மேய்த்த தரிசு முழுக்க வேலிக்குள் போய்விட்டது. உள்ளே புல் வளர்ந்து பேனலை மறைக்கிறது என்று களைக்கொல்லி அடிக்கப் போகிறார்கள். ஆடு விடுகிறேன் என்று கேட்டேன், என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடு என்றார்கள். நெல்லூர் செம்மறி 60, வெள்ளாடு 12 இருக்கிறது. கரண்ட் அடிக்குமா? என்ன எழுதுவது?
ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, செம்மறியை மட்டும் உள்ளே மேய விடுங்கள், வெள்ளாடு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அது பேனல் மேலேயே ஏறும், தொங்கும் ஒயரைக் கடிக்கும். வரிசையாக இணைத்த பேனல்களின் ஒயரில் 1,000 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் நிற்காது. அதனால் ஒயரையெல்லாம் சட்டத்தோடு சேர்த்துக் கட்டித் தரவேண்டும், இன்வெர்ட்டர் அறையையும் டிரான்ஸ்பார்மரையும் சுற்றித் தனி வேலி வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். இதைச் செய்தால் செம்மறிக்குப் பயமில்லை. கொம்புள்ள கிடாக்களை மட்டும் வெளியே நிறுத்திவிடுங்கள்.

களைக்கொல்லி வேண்டாம் என்பதில் உறுதியாக நில்லுங்கள். ஆட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. பேனலில் விழும் மழை முழுவதும் கீழ் விளிம்பு வழியாக ஒரே கோட்டில் இறங்கும். அந்த இடத்தில் புல் வேர் இல்லையென்றால் உங்கள் செம்மண் நிலத்தில் இரண்டே மழையில் வாய்க்கால் பறித்து மேல்மண் ஏரிக்குப் போய்விடும், தூண்களின் அடியும் அரிக்கும். கோடையில் வெறும் மண்ணிலிருந்து கிளம்பும் புழுதி பேனலில்தான் படியும், அதைக் கழுவ அவர்கள்தான் தண்ணீருக்கு அலைய வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னால் மேலாளருக்குச் சட்டென்று புரியும். கொச்சி விமான நிலையத்தில் பேனல்களுக்கு நடுவே காய்கறியே விளைவிக்கிறார்கள் என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் ஏதாவது ஒரு பகுதியில் அடித்தே தீருவோம் என்றால், மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள், அங்கே மந்தையை விடாதீர்கள்.

பார்த்தீனியக் களையை ஆடு தீர்த்துவிடும் என்று நம்பாதீர்கள். பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுவே வரும், அங்கே முயல் மசால் என்ற தீவனப் பயிரும் கொழுக்கட்டைப் புல்லும் விதையுங்கள். முயல் மசால் விதையின் தோல் கெட்டி, கொதிக்காத ஆனால் நல்ல சூடான நீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். கொழுக்கட்டைப் புல் உயரமாகப் போகும், அதைப் பேனலின் முன்பக்கம் போடாமல் ஓரங்களில் போடுங்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் வேண்டிய ஒன்று. கர்னூல் பக்கத்துப் பூங்கா 1,000 மெகாவாட், அது மட்டுமே ஏறக்குறைய 6,000 ஏக்கர். இவ்வளவு நிலத்துக்கு ஒரே நேரத்தில் வேலி விழும்போது உங்களைப் போலவே கவுதாரியும் வானம்பாடியும் முயலும் இடம் இழக்கின்றன. ஆட்காட்டிப் பறவை வெறும் சரளைக் கல்லிலேயே நான்கு முட்டை இடும், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. சித்திரையிலிருந்து ஆவணி வரை இந்தப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். அதனால் நிலத்தை நான்கைந்து பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயுங்கள், அந்த மாதங்களில் ஒரு பாகத்தில் மந்தையும் வேண்டாம், புல்வெட்டும் இயந்திரமும் வேண்டாம். வேலிக்கு அடியில் அங்கங்கே முயலும் கீரியும் நுழையும் அளவு சந்து விடச் சொல்லுங்கள், செம்மறி அதில் வெளியேறாது. ஏரிப்பக்க ஓரத்து ஆவாரையைத் தொடவே வேண்டாம்.

முதல் வருடம் ஏக்கருக்கு இரண்டு மூன்று ஆட்டுக்கு மேல் போகாதீர்கள். புது மழையில் தளதளவென்று வரும் புல்லை வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நோய் வரும், உங்கள் பக்கம் தெலுங்கில் சிட்டுக ரோகம் என்பார்களே, அதுதான். மழைக்கு முன்பே, வைகாசிக்குள் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

நெல்லூர் ஆடு உயரமான இனம், தாழ்ந்த பேனலில் முதுகு உரசும். கீழ் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள், இரண்டடிக்கும் குறைவென்றால் எந்த வரிசையில் விடலாம் என்று சொல்கிறேன்.