பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்? ராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கேள்விகள்

கணக்கில் 45 மார்க் எடுத்து பத்தாவது பாஸ் ஆகிவிட்டேன். அப்பாவோடு விசைப்படகில் போய் இஞ்சின் வேலை கொஞ்சம் தெரியும். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் எடுக்கலாமா? (மாணவர், பாம்பன்)

தம்பி, நடுக்கடலில் டீசல் லைன் ஏர் லாக் ஆனால் எந்த நட்டைத் தளர்த்திக் காற்றை எடுக்க வேண்டும் என்று பழகிய கை உன்னுடையது. அதை வீணாக்காதே. முதலில் சிஃப்நெட்டுக்கு விண்ணப்பி. மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் அது; கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. இஞ்சின் பக்கம் மரைன் ஃபிட்டர், படகு செலுத்த வெசல் நேவிகேட்டர் என இரண்டு படிப்பு, இரண்டு வருடம். கணக்கு, அறிவியல் இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. நம் கடற்கரையில் பல வீடுகளுக்கு இந்தப் படிப்பு இருப்பதே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இடம் கிடைக்காவிட்டால் ஐ.டி.ஐ. ஆனால் டீசல் மெக்கானிக் ஒரு வருடப் படிப்பு, ஃபிட்டர் இரண்டு வருடம். நான் ஃபிட்டரைத்தான் சொல்வேன். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்குச் சமமான சான்றும் கிடைக்கும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள்.

நான் கடல்பாசி எடுக்கப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் படிக்கிறாள். நர்ஸிங் தவிர வேறு வழி உண்டா? (தாய், சின்னப்பாலம்)

இருக்கிறது அம்மா. பி.எஃப்.எஸ்சி. என்ற நான்கு வருட மீன்வளப் படிப்பு. பக்கத்தில் தூத்துக்குடியிலேயே கல்லூரி இருக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. பாசியை நீங்கள் எடுக்கும் அதே கடலில் அவள் ஆராய்ச்சி செய்ய முடியும்.

ஆறு மாதக் கோர்ஸ் முடித்தால் கப்பல் வேலை நிச்சயம் என்று ஏஜென்ட் பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா? (தந்தை, தொண்டி)

பணம் கொடுக்காதீர்கள். ஜி.பி. ரேட்டிங் என்று, கப்பலில் கடைநிலை மாலுமி வேலைக்கான ஆறு மாதப் பயிற்சி உண்மையில் உண்டு; பத்தாவது போதும். ஆனால் அந்தப் பயிற்சி நிலையம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கப்பலில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவதே சட்டவிரோதம். அப்புறம், பையனுக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். இருந்தால் எந்தச் சான்றிதழும் உதவாது.

கமுதி சோலார் மின்நிலையம் மாதிரி இடத்தில் வேலைக்கு எது படிக்க வேண்டும்? (மாணவர், சாயல்குடி)

எலக்ட்ரீஷியன், இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போய்விடு. சோலார் என்று பெயர் போட்ட குறுகிய கோர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அதை அப்புறம் பார்க்கலாம்.