சோலார் பூங்காவுக்கு எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். விவசாயத்துக்கும் ஊருக்கும் கெடுதல் இல்லாமல் அதை அமைக்க முடியுமா?

முடியும். ஆனால் பேனல் நட்ட பிறகு முடியாது, கையெழுத்துக்கு முன்னால்தான் முடியும். "எல்லாரும் போட்டுவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

எங்கள் குடும்ப நிலத்தோடு பக்கத்து நிலங்களையும் சேர்த்துக் கேட்டார்கள். நிறுவனத்தின் வரைபடத்தில் எல்லாம் ஒரே சமதளம். மழைக்கு மட்டும் ஓடும் ஓடை அதில் இல்லவே இல்லை. பேனலில் விழும் மழை அதன் கீழ்விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டும். கீழே புல் இல்லையென்றால் மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஓடையையும் மூடிவிட்டால் அவ்வளவு தண்ணீரும் பள்ளத்து வயலில்தான் போய் நிற்கும். அந்த வயல் திட்டத்தில் இல்லாததால் அதன் சொந்தக்காரருக்குக் குத்தகையும் வராது. அவரையும், நிலமே இல்லாமல் அங்கே ஆடு மேய்ப்பவர்களையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் போனது நான்தான். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

பேசிய பிறகு நிறுவனத்தார் ஓடையின் இரு கரையிலும் இடம் விட்டார்கள். மேல்மண்ணை வழிக்காமல், கான்கிரீட் போடாமல், இரும்புக் கால்களை நேராக மண்ணில் அடித்து இறக்கச் சம்மதித்தார்கள். வேலிக்கு அடியில் சிறு விலங்குகள் நுழைய இடைவெளி கிடைத்தது. மேய்ச்சலுக்குச் செம்மறிகளை விட்டார்கள், வெள்ளாடுகளை விடவில்லை. வெள்ளாடு பேனல்மேல் தாவும், கேபிளைக் கடிக்கும். அதில் அவர்கள் சொன்னது நியாயம். ஆனால் வெள்ளாடு மட்டுமே வைத்திருந்தவர்களுக்குக் கடைசிவரை மாற்று இடம் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உடனே "சூரிய மின்சாரத்துக்கு எதிரி" என்று பின்னூட்டம் போட வராதீர்கள். சூரிய மின்சாரம் வேண்டும் என்பவன்தான் நான். பேனலை உயர்த்திக் கட்டிக் கீழே பயிர் செய்யலாம் என்று ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-லேயே எழுதிவிட்டார்கள். அப்படிச் செய்யும் நிலத்தில் விளைச்சல் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பிரான்ஸ் 2024-இல் விதியே போட்டது. கர்நாடகத்தின் பாவகடாவில் சோலார் பூங்காவுக்காகச் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கே எடுத்தார்கள். நிலம் கைவிட்டுப் போகாது என்பதால் நல்ல வழிதான். ஆனால் குத்தகைப் பணம் பட்டா வைத்திருப்பவருக்குத்தான் போகும், அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு வராது. அதற்குத் தனியாகப் பேசியாக வேண்டும்.

இன்னொன்று. ஒப்பந்தம் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது. இது மட்டுமா? வங்கிக் கடன் படிவம், காப்பீட்டுப் பத்திரம், அறுவை சிகிச்சைக்கு முன்னால் நீட்டும் ஒப்புதல் தாள், பெரும்பாலும் இப்படித்தான். கையெழுத்து மட்டும் எங்களுடையது, படிக்கிற உரிமை எங்களுக்குக் கிடையாதா? இதைக் கேட்டால் நம்மை ஏதோ தகராறு செய்கிறவன் மாதிரி பார்க்கிறார்கள். தமிழில் தராமல் பேச்சே இல்லை என்று நாங்கள் உறுதியாக நின்றோம். நீங்களும் கேளுங்கள்.

அப்புறம், பேனலின் ஆயுள் 25 முதல் 30 வருடம். அதற்குள் நிறுவனம் கைமாறலாம், இல்லாமலும் போகலாம். கண்ணாடி, அலுமினியம், கேபிள், இரும்புக் கால்கள் எல்லாவற்றையும் யார் அகற்றுவது, அந்தச் செலவுக்கான பணத்தை யார் பெயரில் இப்போதே வைப்பு போடுவது என்ற ஷரத்தைத் தேடிப் பாருங்கள். எங்களுக்கு வந்த வரைவில் அது இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.