துருவின் மேல் பட்டி பூசலாமா?

கேள்வி: 16 வருடமான கார், தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன். பின்சக்கர வளைவிலும் ஒரு கதவின் அடியிலும் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்தால் இரண்டே நாளில் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். கார் பளபளவென்று வந்து நிற்கும், ஆனால் கொஞ்ச நாளில் அதே இடத்தில் கொப்புளம் இன்னும் பெரிதாக வரும். இந்த மாதிரிக் கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து வருவது. கதவுக் கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைத்தண்ணீர் வடிய, அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் தண்ணீர் தேங்கித் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். சக்கர வளைவின் மடிப்பில் சேறு தங்கினாலும் இதே கதைதான். தகட்டின் கனமே ஒரு மில்லிமீட்டருக்குள். வெளியே நாணயம் அளவு தெரிந்தால், உள்ளே கையகலம் போயிருக்கலாம்.

பட்டி, மேடுபள்ளத்தை நிரவ மட்டும்தான். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும், ஓட்டையைத் தாங்காது. ஓட்டைக்குள் கம்பிவலையையும் செய்தித்தாளையும் திணித்து மேலே பூசிய கார்களைப் பிரித்திருக்கிறேன். பார்த்தாலே வயிறு எரியும். காரை வாங்கி விற்கும் தரகர்களுக்கு இது கைவந்த வேலை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. காரின் அடியில் துருவின் மேலேயே கறுப்புப் பூச்சு அடித்துத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சக்கர வளைவு பாடியோடு சேர்ந்தது. நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வெல்டிங் செய்து, எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, உட்புறம் மெழுகுப் பூச்சு கொடுக்க வேண்டும். வெட்டியதும் ஒன்று, வெல்டிங் முடிந்ததும் ஒன்று என்று போட்டோ கேளுங்கள். பில்லில் 'பெயிண்ட் வேலை' என்று ஒரே வரிதான் இருக்கும், உள்ளே என்ன செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. காப்பீட்டுக்காரர்களோ துரு என்றாலே தேய்மானம் என்று கைவிரித்துவிடுவார்கள். நல்ல டிங்கரிங் ஆட்கள் குறைந்து போனதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பேன்.

கதவு மட்டும் வேறு கணக்கு. அது கீலில் போல்ட் போட்டு மாட்டியது. அதனால் வெட்டி ஒட்டுவதைவிட, பிரித்துப்போட்ட அதே மாடல் காரிலிருந்து முழுக் கதவாக வாங்கி மாட்டுவது பல நேரம் மேல். அதே நிறம் கிடைத்தால் பெயிண்ட் செலவும் மிச்சம். கண்ணாடி, பூட்டு, ஒயரிங் எல்லாம் உங்கள் பழைய கதவிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்முன் அதைத் தலைகீழாகத் திருப்பி அடிமடிப்பைப் பாருங்கள், காந்தத்தையும் வையுங்கள். அதிலும் பட்டி இருந்தால் ஒரு துருவைக் கொடுத்து இன்னொரு துருவை வாங்கியது போலாகும். கதவை மூடியபின் சுற்றிலும் இடைவெளி சமமாக வரும்வரை கீலைச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மறுபடி உள்ளே இறங்கும்.

அப்புறம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். அது வண்டியின் எலும்பு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பெயிண்ட் பிறகு. மற்ற கதவுகளின் அடி ஓட்டைகளை இன்றைக்கே ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.