கருவில் மூளை உருவாகும் நாட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மனிதனிடம் சுமார் 20,000 மரபணுக்களே உள்ளன, மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். இவ்வளவு குறைந்த மரபணுக்களைக் கொண்டு மூளை எப்படி உருவாகிறது?

பதில்: மூளையின் வரைபடம் எந்த மரபணுவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு மரபணு எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு புரதத்தை உண்டாக்குகிறது, அருகில் வேறு எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பவற்றைப் பொறுத்தே அதன் விளைவு அமைகிறது. பாக்ஸ்6 என்னும் ஒரே மரபணு கண்ணுக்கும், பெருமூளையின் வெளிப்படலமான புறணிக்கும், கணையத்துக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

தொடக்கநிலைக் கட்டளைகளில் பல, ஒன்றைத் தடுக்கும் கட்டளைகளாகவே இருக்கின்றன. 1924இல் ஜெர்மானியக் கருவியல் ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஸ்பெமானும் ஹில்டே மான்கோல்டும், நியூட் என்னும் நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து ஒரு சிறு திசுவை எடுத்து இன்னொரு கருவில் பொருத்தியபோது, அங்கே நரம்புக்குழலுடன் (பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழல்) இரண்டாவது உடல் அச்சு, அதாவது தலை முதல் வால் வரையிலான உடலமைப்பு, ஒன்று எழுந்தது. அத்தகைய திசு சுரக்கும் புரதங்கள் 1990களில்தான் அடையாளம் காணப்பட்டன. ‘தோலாக மாறு’ என்று செல்களுக்குச் சொல்லும் பி.எம்.பி. புரதங்களை நாகின், கார்டின் என்னும் புரதங்கள் பற்றிக்கொண்டு செயலற்றவை ஆக்குகின்றன; அந்தச் சமிக்ஞை எட்டாத செல்கள் நரம்புத் திசுவாகின்றன. இவ்விரண்டு மரபணுக்களும் இல்லாத எலிக் கருக்களில் முன்மூளை உருவாவதில்லை.

கேள்வி: தலை எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதைக் கரு எப்படித் தீர்மானிக்கிறது?

பதில்: எலிக் கருவில், பின்னாளில் உடலின் பகுதியாகவே ஆகாத ஒரு மெல்லிய வெளியுறை, கருவின் ஒரு பக்கத்துக்கு நகர்ந்து, செல்களை உடலின் பின்பகுதியாக்கும் வின்ட், நோடல் ஆகிய சமிக்ஞைகளைத் தடுக்கும் புரதங்களை அங்கே சுரக்கிறது. அப்படிக் காக்கப்பட்ட பக்கமே தலையாகிறது. லிம்1 மரபணுவை நீக்கிய எலிக் கருக்களில் முன்மூளையும் நடுமூளையும் இல்லாமல் போயின என்றும், தலையற்ற அவற்றின் உடற்பகுதி பெருமளவு சரியாகவே வளர்ந்தது என்றும் 1995இல் அறிவிக்கப்பட்டது. தலையை உருவாக்கும் ஏற்பாடும் உடலை உருவாக்கும் ஏற்பாடும் ஓரளவு தனித்தனியானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு ஓர் ஆட்டுக்குட்டி பிறந்து இறந்தது. தெய்வக் குற்றம் என்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?

பதில்: குற்றம் யாருடையதும் இல்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்கிறேன். எல்லாப் பாலூட்டிகளிலும் கண்களுக்கான பகுதி தொடக்கத்தில் ஒன்றாகவே இருக்கிறது. அதன் நடுக்கோட்டுக்குக் கீழேயுள்ள திசுவிலிருந்து வரும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. முன்மூளை வலம் இடமாகப் பிரிவதற்கும் அதுவே தேவை. இந்த மரபணு செயலிழந்த எலிக் கருக்களில் முன்மூளை பிரியாமல், கண்ணும் ஒன்றாகவே நின்றுவிடுவதை 1996இல் கண்டனர். அதே ஆண்டில், மனிதரிலும் இதன் பிறழ்வே (மரபணுவில் நேரும் மாற்றம்) முன்மூளை பிரியாமை நோய்க்கு ஒரு காரணம் என்று தெரிந்தது. ஒரே பிறழ்வைச் சுமக்கும் ஒரே குடும்பத்தில், ஒருவருக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க, இன்னொருவருக்கு மேல்வரிசை நடுவில் ஒற்றை முன்பல் இருப்பது மட்டுமே அடையாளமாக இருக்கக்கூடும்.

மரபணு சரியாக இருந்தாலும் இது நேரலாம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மேய்ச்சல் நிலங்களில் ஒற்றைக்கண் செம்மறிக் குட்டிகள் பிறந்தபோது, காரணத்தைத் தேடிய அந்நாட்டு வேளாண் துறையினர், வெராட்ரம் கலிஃபோர்னிகம் என்ற காட்டுச் செடியைச் சினை ஆடுகள் ஏறத்தாழ 14ஆம் நாளில் தின்றதே காரணம் என்று கண்டறிந்தார்கள். அச்செடியிலுள்ள சைக்ளோபமைன், ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை செல்லுக்குள் கடத்தப்படுவதைத் தடுக்கிறது. அந்த நாட்கள் கடந்தபின் தின்ற ஆடுகளின் குட்டிகளுக்கு இக்குறை நேர்வதில்லை. அதே சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து ஒருவகைத் தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கப்படக் கூடாது என்பதன் காரணமும் இதுவே. உங்கள் பகுதிக் குட்டிக்கு நேர்ந்தது செடியாலா பிறழ்வாலா என்று இங்கிருந்து சொல்ல இயலாது. மீண்டும் நிகழ்ந்தால் கால்நடை மருத்துவரிடம் மேய்ச்சல் நிலத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: கருத்தரித்த இரண்டாம் மாதத்தில் மருத்துவரிடம் சென்றேன். போலிக் அமில மாத்திரையை முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றார். ஏன்?

பதில்: மூளையும் தண்டுவடமும் ஆகவிருக்கும் நரம்புத் தட்டு மடிந்து குழலாக மூடும் வேலை, கருவுற்ற 28ஆம் நாள் அளவில் முடிந்துவிடுகிறது. பல பெண்கள் கர்ப்பத்தை அறியும்போது அந்த நாட்கள் நெருங்கியிருக்கும் அல்லது கடந்திருக்கும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை வளர்ச்சி அழிகிறது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு ஏற்படுகிறது. எலியில் மட்டும் 200க்கும் மேற்பட்ட மரபணுக்களின் பிறழ்வுகள் இக்குறையை உண்டாக்குகின்றன என்பதால், ஒற்றைக் காரணத்தைத் தேடுவது பயன் தராது. ஆயினும் தடுப்பு எளிது. முன்பு இத்தகைய கர்ப்பம் நேர்ந்த பெண்களிடம் நடத்தி 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம், குறை மீண்டும் வருவதை 72 விழுக்காடு குறைத்தது. மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பரிந்துரைக்கப்படுகிறது. நீங்கள் அஞ்ச வேண்டாம். மாத்திரை எடுக்காத பெரும்பாலான கர்ப்பங்களிலும் குழல் சரியாகவே மூடுகிறது, ஸ்கேனில் பார்த்தும் உறுதி செய்யலாம். இக்குறைக்கான வாய்ப்பைக் கூட்டும் வால்ப்ரோயேட் மருந்தை வலிப்புக்காக எடுப்பவர்கள் மட்டும் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: மாமன் மகளை மணந்தேன். முதல் குழந்தைக்குப் பிறவியிலேயே தலை மிகச் சிறியது. அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: காரணம் தெரியாமல் விடை சொல்வது தவறாகும், கருவில் தாக்கிய தொற்றும் காரணமாக இருந்திருக்கலாம். பெற்றோர் இருவரும் ஒரே ஒடுங்கு மரபணுப் பிறழ்வைச் (இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படுவது) சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இத்தகைய குறைகளில் அடிக்கடி காணப்படும் ஏ.எஸ்.பி.எம். மரபணு, மூளையின் மூலசெல்கள் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் கதிரமைப்பைச் சீராக வைக்கிறது. அது குலைந்தால் மூலசெல்களின் கையிருப்பு விரைவில் தீர்ந்து, நரம்பணுக்கள் குறைகின்றன. அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெற்று, குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: எலியில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா?

பதில்: அச்சும் நரம்புக்குழலும் உருவாகும் கட்டத்தில் பெருமளவு பொருந்தும். புறணியின் அளவு என்று வரும்போது எச்சரிக்கை தேவை. ஏ.எஸ்.பி.எம். மரபணுவை நீக்கினால் எலியின் மூளை சிறிதளவே குறைகிறது. கீரியளவுள்ள ஃபெர்ரெட் என்ற விலங்கிலோ மூளையின் எடை 40 விழுக்காடு வரை குறைந்ததாக 2018இல் அறிவிக்கப்பட்டது. மடிப்புகள் கொண்ட அதன் புறணியில், எலியிடம் மிக அரிதாகவே உள்ள ஒருவகை மூலசெல்கள் ஏராளமாக இருக்கின்றன. மனிதக் கருவிலும் அவ்வாறே.