வேகவைத்தால் விஷம் போகுமா?

கேள்வி: குடும்பத்தோடு கடற்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கப் போகிறோம். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் மணலில் கிடைக்கும் மட்டிகளையும் நாங்களே எடுத்துச் சமைக்க ஆசை. நன்றாக வேகவைத்துவிட்டால் பயமில்லைதானே? அப்பாவுக்குக் கல்லீரல் நோய் உண்டு. அவரும் சாப்பிடலாமா?

பதில்: பாதி சரி. வேகவைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது.

சிப்பியும் மட்டியும் நாள் முழுக்கக் கடல்நீரை உறிஞ்சி, வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளைத் தின்று வாழ்பவை. சிலவகைப் பாசிகள் பெருகும் காலத்தில் அவற்றின் நஞ்சு சதையில் சேர்ந்துவிடும். சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சு கொதிநீருக்கும் அசையாது; எலுமிச்சைச் சாறு எம்மாத்திரம்? நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கடல் சிவந்திருந்தால்தான் ஆபத்து என்பதும் தவறு, தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம். ஆகவே, அங்கே சிப்பி எடுக்கத் தடை அறிவிப்பு இருக்கிறதா என்று மீன்வளத் துறையிடம் அன்றைக்கே கேளுங்கள். பக்கத்துக் கூடாரத்தார் நேற்றுச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள் என்பது சான்றாகாது. சாக்கடையோ ஆற்று முகத்துவாரமோ அருகில் இருந்தால், கனமழை பெய்து ஓய்ந்த நாட்களில் எடுக்கவே வேண்டாம்.

வாய் திறந்திருக்கும் மட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும், மூடாததை எறிந்துவிடுங்கள். எடுத்தவற்றை நல்ல தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், செத்துவிடும். ஈரத் துணி போர்த்தி, பனிக்கட்டிப் பெட்டியில் காற்றுப் புகும்படி வையுங்கள். கொதிநீரில் ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். திறக்காததை நெம்பித் திறந்து தின்னும் வீரம் வேண்டாம்.

அப்பா, தடையில்லாத இடத்தில் எடுத்து முழுதாக வெந்ததை அளவாகச் சாப்பிடலாம். பச்சையாக ஒரு சிப்பிகூடக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா, கல்லீரல் நோயாளிகளின் இரத்தத்தில் பரவி ஓரிரு நாளில் உயிரையே பறிக்கக்கூடும். அது புண் வழியாகவும் நுழையும். காலில் காயம் இருந்தால் அவர் கடலில் இறங்காமல், சிப்பி பொறுக்கும் வேலையை உங்களிடமே விடட்டும். ஓடு கீறினால் உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ச்சல், நடுக்கம், தோலில் கொப்புளம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்து, விரல்நுனி ஊசி குத்துவதுபோல் கூசினால் அது பாசி நஞ்சாக இருக்கலாம். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. ஆனால் மூச்சுத் தசைகள் செயலிழந்தாலும் செயற்கைச் சுவாசம் தந்து நஞ்சு வெளியேறும்வரை காப்பாற்ற முடியும். எனவே நடமாட முடிகிறபோதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிஞ்சிய சிப்பியை ஒரு பையில் கட்டி, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.